மெதடோன்: மருந்தும் அதைச் சுற்றிய வேலியும்

ஆதரவாளர்களுக்கான படிப்புக் கட்டுரை



இந்த முறை நாம் படிக்க எடுத்துக்கொள்ளும் பொருள் உங்களில் சிலருக்குப் புதிதாயிருக்கலாம். ஹெராயின் முதலிய அபின் வகைப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களுக்கு மெதடோன் என்னும் மருந்தைக் கொடுத்துப் பராமரிக்கும் சிகிச்சையைப் பற்றியும், அந்த மருந்தை அரசாங்கம் எப்படிக் கட்டுப்படுத்திற்று என்பதைப் பற்றியும் பார்ப்போம். அமெரிக்காவின் சரித்திரமே இதில் முக்கியமாய் வருகிறது. இந்தச் சிகிச்சை பிறந்த இடமும் அதுதான். அதைச் சுற்றிக் கடுமையான வேலி போடப்பட்ட இடமும் அதுதான்.

"ஒரு போதையை நீக்கிவிட்டு இன்னொரு போதையைக் கொடுத்தால் அது எப்படி விடுதலையாகும்?" இந்தக் கேள்வியைச் சபைகளில் பலரும் கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் இதே கேள்வியைச் சட்டம் இயற்றியவர்களும் கேட்டார்கள். அவர்கள் கண்ட பதிலினால் பிழைத்தவர்களும் உண்டு, மரித்தவர்களும் உண்டு. ஆகையால் பொறுமையோடு படிப்போம்.

1. மெதடோன் செய்வது என்ன?

ஹெராயின் ஊசி போட்டுக்கொள்ளுகிறவருக்கு அதன் வேகம் நாலு முதல் ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும். பிறகு உடல் நடுக்கம், வாந்தி, பேதி, எலும்பு வலி, தூக்கமின்மை எல்லாம் வரும். அதைத் தாங்கமாட்டாமல் அடுத்த ஊசியைத் தேடுவார். ஒரு நாளில் மூன்று நாலு தடவை இப்படியாகும். காலையில் கண் விழித்ததுமுதல் இரவு வரை பணம் தேடுவதும் பொருள் தேடுவதுமே வாழ்க்கை. அதற்குள் வேலை ஏது, குடும்பம் ஏது?

மெதடோனும் அபின் வகையைச் சேர்ந்த மருந்துதான். அதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அது வேலை செய்யும் விதம் வேறு. வாயினால் உட்கொள்ளும் மருந்து அது; மெதுவாய் ஏறி, ஒரு வேளை மருந்து ஒரு நாள் முழுவதும் தாங்கும். சரியான அளவில் தினமும் எடுத்துக்கொள்ளுகிறவருக்கு மயக்கமோ களிப்போ உண்டாவதில்லை. உடல் வேதனையும் வருவதில்லை. போதுமான அளவு உடம்பில் இருக்கும்போது ஹெராயின் போட்டாலும் அது பழையபடி வேலை செய்யாது. ஆகவே அதைத் தேடி ஓடும் ஓட்டம் நிற்கிறது. ஊசி நிற்பதால் ஊசிவழியே பரவும் எய்ட்ஸ் கிருமியும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் தடைப்படுகின்றன.

இந்த மருந்தில் ஆபத்தும் உண்டு. பழக்கமில்லாதவர் குடித்தால் மூச்சு அடங்கி மரிக்கக்கூடும். வீட்டிலுள்ள சிறுபிள்ளை எடுத்துக் குடித்துவிட்டால் உயிருக்கே மோசம். சிகிச்சை தொடங்கும் முதல் வாரங்களில் வைத்தியர் அளவை மிகக் கவனமாய் உயர்த்தவேண்டும். சிலருக்கு இருதயத் துடிப்பிலும் மாறுதல் வரும். எனவே இந்த மருந்துக்குக் கட்டுப்பாடு வேண்டியதுதான். எவ்வளவு கட்டுப்பாடு, யாருடைய நன்மைக்காக என்பதே நம்முடைய பாடம்.

2. சிகிச்சை பிறந்த விதம்

1914இல் அமெரிக்காவில் ஹாரிசன் சட்டம் என்னும் போதைப்பொருள் சட்டம் வந்தது. 1919இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அடிமையான ஒருவருடைய பழக்கத்தைத் தாங்கும்படி மட்டும் வைத்தியர் மருந்துச் சீட்டு எழுதுவது வைத்தியமாகாது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் பல நகரங்களில் அடிமையானவர்களுக்காகத் திறக்கப்பட்டிருந்த சிகிச்சை நிலையங்கள் சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டன. வைத்தியர்கள் பயந்து விலகினார்கள். அடிமையானவர் ஆஸ்பத்திரிக்குரியவர் அல்ல, சிறைக்குரியவர் என்ற நிலை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நீடித்தது.

1935இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் அரசு ஒரு பெரிய ஆஸ்பத்திரியைத் திறந்தது. அங்கே போதையை முற்றிலும் நிறுத்தி, பல மாதங்கள் வைத்திருந்து அனுப்புவார்கள். வீடு திரும்பினவர்களில் மிகப் பெரும்பான்மையோர் மறுபடியும் விழுந்தார்கள். அங்கே பணிபுரிந்த மாரி நிஸ்வாண்டர் என்னும் மனநல வைத்தியர் இதைக் கண்ணாரக் கண்டவர். பின்பு அவர் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லமில் ஏழைகளின் நடுவே, தெருவோரக் கடை அறை ஒன்றில் அடிமையானவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். அதே பகுதியில் 1950களிலேயே கிழக்கு ஹார்லம் புரொட்டஸ்டன்ட் பாரிஷ் என்னும் சபை ஊழியம், ஆஸ்பத்திரிகள் சேர்க்க மறுத்த இந்த மக்களுக்காக ஒரு குழுவை ஏற்படுத்தி உழைத்தது என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

1964இல் ராக்கஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தின் வைத்தியர் வின்சென்ட் டோல், நிஸ்வாண்டரையும் மேரி ஜீன் கிரீக் என்னும் இளம் வைத்தியரையும் சேர்த்துக்கொண்டு ஆராய்ச்சி தொடங்கினார். முதலில் நோயாளிகளுக்கு மார்ஃபீன் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த ஊசி எப்போது என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு நினைவில்லை. அளவும் கூடிக்கொண்டே போயிற்று. 1930களின் இறுதியில் ஜெர்மனியில் வலி மருந்தாய்க் கண்டுபிடிக்கப்பட்டிருந்த மெதடோனுக்கு மாற்றியபோது மாறுதல் தெரிந்தது. ஒருவர் படம் வரையத் தொடங்கினார். ஒருவர் விட்டுப்போன படிப்பைத் தொடரவேண்டும் என்றார். 1965இல் 22 நோயாளிகளைப் பற்றிய அறிக்கை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. இது ஒழுக்கக்கேடு என்பதைவிட உடலில் வேரூன்றிய நோய் என்றும், நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் போல இவர்களுக்கு மருந்து நெடுங்காலம் தேவைப்படலாம் என்றும் அவர்கள் வாதித்தார்கள்.

3. வேலி போடப்பட்டது

வியட்நாம் போரிலிருந்து திரும்பும் போர்வீரர்களில் பலர் ஹெராயினுக்கு அடிமைப்பட்டிருந்தார்கள் என்ற செய்தி 1971இல் அமெரிக்காவைக் கலக்கியது. ஜனாதிபதி நிக்சன் அந்த ஆண்டு ஜூன் மாதம் போதைப்பொருள் தடுப்புக்கென்று தனி அலுவலகம் அமைத்து, ஜெரோம் ஜாஃபி என்னும் வைத்தியரை அதற்குத் தலைவராக்கினார். அரசுப் பணம் சிகிச்சைக்கு ஏராளமாய் வந்தது. மெதடோன் பெறுகிறவர்கள் சில நூறிலிருந்து பல ஆயிரங்களானார்கள்.

கூடவே பயமும் வந்தது. மருந்து கள்ளச் சந்தையில் விற்கப்படுகிறது, பிள்ளைகள் குடித்துச் சாகிறார்கள் என்ற செய்திகள் வந்தன. அவை வெறும் புரளியல்ல. ஆகவே 1972இல் விதிகளும் 1974இல் தனிச் சட்டமும் வந்தன. அவற்றின் சாரம் இதுதான்: அடிமைத்தனத்துக்கு மெதடோன் கொடுக்க அரசு அங்கீகரித்த நிலையங்களுக்கு மட்டுமே உரிமை. குடும்ப வைத்தியர் சீட்டு எழுதக்கூடாது, மருந்துக்கடையில் வாங்கமுடியாது. நோயாளி தினமும் நிலையத்துக்கு நேரில் வந்து, தாதியின் கண்முன் குடிக்கவேண்டும். வீட்டுக்கு எடுத்துச்செல்ல அனுமதி பெற மாதங்களும் வருஷங்களும் ஆகும். சிறுநீர்ப் பரிசோதனை தவறினால் அந்த அனுமதியும் போகும்.

இதில் ஒரு விநோதம் உண்டு. வலிக்காக மெதடோன் வேண்டுமானால், உரிய பதிவுள்ள எந்த வைத்தியரும் எழுதலாம், மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாம். அதே மாத்திரையை அடிமைத்தனத்துக்கு எழுதினால் குற்றம். மருந்தின் ஆபத்து இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வேறுபட்டது, வாங்குகிறவரைக் குறித்த நம்பிக்கை.

இந்த விதிகளின் பாரம் யார்மேல் விழுந்தது? கூலி வேலைக்குப் போகிறவர் விடியற்காலை ஐந்து மணிக்கே வரிசையில் நிற்கவேண்டும். கைக்குழந்தையுள்ள தாய் இரண்டு பேருந்து மாறி வரவேண்டும். கிராமத்திலிருப்பவருக்கு நிலையம் நூறு மைலுக்கு அப்பாலும் இருக்கலாம். தகப்பனுடைய அடக்கத்துக்கு வெளியூர் போகவும் உத்தரவு கேட்கவேண்டும். "எங்கள் தெருவில் இந்த நிலையம் வேண்டாம்" என்று அக்கம்பக்கத்தார் எதிர்த்ததால் புதிய நிலையங்கள் திறப்பதும் அரிதாயிற்று. அடிமைத்தனத்திலிருந்து எழுந்து வேலைக்குப் போகவேண்டும் என்பதே சிகிச்சையின் நோக்கம். ஆனால் வேலைக்குப் போகிறவருக்கே சிகிச்சை கடினமாயிற்று.

அளவிலும் சந்தேகம் புகுந்தது. பெரும்பாலோருக்குத் தினமும் 60 மில்லிகிராமுக்கு மேல், பலருக்கு 80 முதல் 120 வரை தேவைப்படும். ஆனால் 1980களின் இறுதியில் அமெரிக்க நிலையங்கள் பலவற்றில் அதைவிடக் குறைவாகவே கொடுத்தார்கள். குறைவாய்க் கொடுத்தால் நல்லது என்ற எண்ணமே அதற்குக் காரணம். குறைந்த அளவு பெற்றவர் ஹெராயினையும் தொடர்ந்தார். "பார்த்தீர்களா, மெதடோன் பலன் தரவில்லை" என்றும் சொல்லப்பட்டது.

4. எவ்வளவு காலத்துக்கு?

சபையில் நம்மிடம் அதிகமாய்க் கேட்கப்படுவது இதுதான். "சரி, கொஞ்ச நாள் கொடுங்கள். எப்போது நிறுத்துவீர்கள்?"

ஆராய்ச்சிகள் சொல்லுவதைக் கேட்போம். 1980களில் அமெரிக்காவில் மெதடோன் சிகிச்சையை விட்டுச்சென்ற 105 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஓராண்டுக்குள் ஐந்தில் நாலு பேர் மறுபடியும் ஊசிக்குத் திரும்பியிருந்தார்கள். சுவீடனில் 1981இல் வெளிவந்த ஆராய்ச்சியில் 34 பேரை இரு சம பங்காக்கி, 17 பேருக்கு மெதடோனும் 17 பேருக்கு மருந்தில்லாத சிகிச்சையும் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுக்குப்பின் மெதடோன் பெற்றவர்களில் 12 பேர் போதையை விட்டிருந்தார்கள். மற்றப் பங்கில் ஒரே ஒருவர்.

2017இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பல நாடுகளின் ஆராய்ச்சிகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். மெதடோன் சிகிச்சையில் இருக்கும்போது ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஏறக்குறைய 11 பேர் மரிக்கிறார்கள். சிகிச்சையை விட்டபின் 36 பேர். இந்த வித்தியாசத்தை நாம் மனதில் வைக்கவேண்டும். நிறுத்தினவருடைய உடம்பில் பழைய தாங்குசக்தி இல்லை. அவர் விழுந்து பழைய அளவையே ஊசியில் ஏற்றினால், அதுவே கடைசி ஊசியாகிவிடும்.

அரசியல் தலைவர்களும் இதே கேள்வியில் இடறினார்கள். 1998 ஜூலையில் நியூயார்க் மேயர் ருடால்ஃப் ஜூலியானி, மெதடோன் என்பது இன்னொரு அடிமைத்தனம் என்று சொல்லி, நகராட்சி ஆஸ்பத்திரிகளில் அதைப் பெற்றுவந்த சுமார் 2,000 பேருக்குப் படிப்படியாய் நிறுத்தப்போவதாக அறிவித்தார். வைத்தியர்கள் எதிர்த்தார்கள். ஜனாதிபதியின் போதைத் தடுப்பு அலுவலகத் தலைவர் ஜெனரல் பாரி மெக்காஃப்ரியும் மெதடோனுக்கு ஆதரவாய் நின்றார். நிறுத்திப் பிழைத்தவர்கள் மிகச் சிலரே என்று கண்டு, 1999 ஜனவரியில் மேயர் பின்வாங்கினார்.

நிறுத்த விரும்புகிறவர் நிறுத்தக்கூடாது என்று இதற்குப் பொருளல்ல. வேலை, குடும்பம், மனநிலை எல்லாம் நிலைப்பட்டபின், வைத்தியரோடு பேசி, மிக மெதுவாய்க் குறைத்து நிறுத்தினவர்கள் உண்டு. அது நோயாளியும் வைத்தியரும் எடுக்கவேண்டிய தீர்மானம். மேயரோ போதகரோ மாமனாரோ நாள் குறிக்கலாகாது.

5. வேலி சற்றே திறந்தது

1995இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் விதிகளை ஆராய்ந்து, அவை அளவுக்கு மிஞ்சியவை என்று அறிக்கை கொடுத்தது. 1997இல் தேசிய சுகாதார நிலையங்கள் கூட்டிய நிபுணர் குழுவும் அதையே சொன்னது. 2001இல் கண்காணிப்புப் பொறுப்பு சுகாதாரத் துறையின் வேறொரு பிரிவுக்கு மாறி, தரச் சான்று முறை வந்தது. 2005இல் உலக சுகாதார நிறுவனம் மெதடோனை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

பெரிய மாறுதலைக் கொண்டுவந்தது கொரோனா. 2020 மார்ச்சில், வரிசையில் நிற்பதே ஆபத்தானபோது, நிலையான நோயாளிகளுக்கு 28 நாள் மருந்தும், மற்றவர்களுக்கு 14 நாள் மருந்தும் வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று அரசு அனுமதித்தது. ஐம்பது ஆண்டுகளாய்ச் செய்யக்கூடாது என்றிருந்ததை ஒரே வாரத்தில் செய்தார்கள். பயந்தபடி நடந்ததா? அமெரிக்காவில் அளவுமீறிய போதையினால் உண்டான மரணங்களில் மெதடோன் சம்பந்தப்பட்டவை 2019இல் நூற்றுக்கு 4.5ஆக இருந்தன, 2021இல் 3.2ஆகக் குறைந்தன. 2024 பிப்ரவரியில் வெளியான புதிய விதி இந்தத் தளர்வை நிரந்தரமாக்கியது. இப்போது சிகிச்சை தொடங்கி ஒரு மாதமானவருக்கும், வைத்தியர் தகுதி கண்டால், 28 நாள் மருந்து கொடுக்கலாம்.

அப்படியிருந்தும் அடிமைத்தனத்துக்கான மெதடோன் நிலையங்களின் வேலிக்குள்ளேயே இருக்கிறது. புப்ரெனார்பின் என்னும் மற்றொரு மருந்துக்கு வைத்தியர்கள் தனி அனுமதி பெறவேண்டும் என்ற விதி 2022 டிசம்பரில் நீக்கப்பட்டது. மெதடோனையும் மருந்துக்கடைவழியே கொடுக்கும்படி 2023இல் கொண்டுவரப்பட்ட மசோதாவோ சட்டமாகவில்லை. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் மருந்துக்கடைக்காரர் முன்பாகக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். ஹாங்காங்கில் 1970கள் முதல் ஊரெங்கும் நிலையங்களைத் திறந்து, ஒரு டாலர் கட்டணத்துக்கு, வந்தவரைத் திருப்பாமல் கொடுத்துவருகிறார்கள். அமெரிக்காவிலோ 2021, 2022, 2023 ஆகிய ஒவ்வொரு ஆண்டும் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போதையின் அளவு மீறி மாண்டார்கள்.

6. நமக்கும் இதற்கும் என்ன?

மிஷன் ஆஸ்பத்திரிகளை அறிந்த உங்களுக்கு இதுபோன்ற ஒரு சரித்திரம் தெரியும். 1940களில் செங்கல்பட்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் குஷ்டரோகிகளுக்கு டாப்சோன் வகை மருந்து கொடுத்துப் பலன் கண்டார். வியாதியைக் குணமாக்க வழி பிறந்தது. ஆனால் நோயாளியைப் பிடித்து ஒதுக்கி வைக்க இடங்கொடுத்த 1898ஆம் வருஷத்துச் சட்டம் 2016இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டது. மருந்து வந்தபின்னும் பயம் சட்டப் புத்தகத்தில் எழுபது ஆண்டு குடியிருந்தது.

நம் தேசத்திலும் ஊசிப் போதையின் துயரம் உண்டு. மணிப்பூரிலும் நாகாலாந்திலும் இம்மானுவேல் ஆஸ்பத்திரிச் சங்கம் என்னும் கிறிஸ்தவ மருத்துவ அமைப்பு 2000களின் நடுவில் புப்ரெனார்பின் சிகிச்சையை நடத்தியது. 2007-08 முதல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் அந்தச் சிகிச்சையை ஏற்றுக்கொண்டது. 2012 முதல் மெதடோனும் சில மையங்களில் தொடங்கப்பட்டது. ஆகவே அமெரிக்காவின் பாடம் நமக்குத் தூரமானதல்ல. வேலி எங்கே, எவ்வளவு உயரம் என்பதை நம் நாடும் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

சபையின் கேள்விக்கு இப்போது வருவோம். லூக்கா 10ஆம் அதிகாரத்துச் சமாரியன், காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்தபோது கையிலிருந்ததைக் கொடுத்தான். அதற்குமேல் செலவானாலும் திரும்பி வரும்போது தருவேன் என்றான். இத்தனை நாளைக்குள் எழுந்து நடக்கவேண்டும் என்று அவன் நிபந்தனை வைக்கவில்லை. விடுதலை என்பதை நாம் மருந்துப் புட்டியைப் பார்த்து அளக்கிறோம். காலையில் எழுந்து வேலைக்குப் போகிறாரா, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறாரா, மனைவி பயமின்றித் தூங்குகிறாளா என்று பார்ப்பதே சரியான அளவு. இரத்த அழுத்த மாத்திரையை முப்பது ஆண்டு சாப்பிடுகிற மூப்பரை நாம் அடிமை என்று சொல்லுவதில்லை.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. சிகிச்சையிலிருப்பவரைப் பார்த்து, "இன்னுமா நிறுத்தவில்லை?" என்று கேளாதிருப்போம். சாட்சி சொல்லவோ, பாடகர் குழுவில் பாடவோ, வேலை கொடுக்கவோ, மருந்தை நிறுத்தவேண்டும் என்று நிபந்தனை வையாதிருப்போம். சபைகள் நடத்தும் மறுவாழ்வு இல்லங்களும் மருந்தோடு வருகிறவரைச் சேர்க்கலாமா என்று வைத்தியரோடு பேசட்டும். மருந்து வீட்டிலிருந்தால் பூட்டுள்ள பெட்டியில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க உதவுவோம். சிகிச்சை நிலையம் நம் தெருவுக்கு வருகிறதென்றால், எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடுமுன் யார் யார் அந்த வாசலில் நிற்பார்கள் என்று யோசிப்போம்.

கூடுகைகளில் சிந்திக்க

1. மெதடோனைக் கட்டுப்படுத்த நியாயமான காரணங்கள் எவை? அவற்றில் எவை நோயாளியைக் காக்கின்றன, எவை அவரைத் தண்டிக்கின்றன?

2. வலிக்கும் அடிமைத்தனத்துக்கும் ஒரே மருந்து. ஆனால் இரண்டு சட்டம். இதைப்போன்ற வேறுபாடு நம் சபையின் நடத்தையில் எங்கே காணப்படுகிறது?

3. நம் சபையில் குடும்பத்தில் ஒருவர் போதைக்கு அடிமைப்பட்டிருந்தால், அந்தக் குடும்பம் நம்மிடம் வந்து சொல்லத் துணியுமா? துணியாது என்றால் ஏன்?

4. "முழு விடுதலை" என்று நாம் சொல்லும்போது எதைக் கருதுகிறோம்? உயிரோடிருத்தல் அதில் எத்தனையாவது இடம் பெறுகிறது?

ஜெபத்தில் நினைக்க: விடியற்காலையில் மருந்துக்காக வரிசையில் நிற்கிறவர்கள், தங்கள் பிள்ளையின் மரணச் செய்தியைத் தொலைபேசியில் கேட்ட பெற்றோர், சந்தேகமில்லாமல் சேவைசெய்யும் வைத்தியர்கள், தாதிகள், பயத்தினால் அல்ல, அறிவோடும் இரக்கத்தோடும் சட்டம் செய்யவேண்டியவர்கள்.